ஹாங்காங்கில் உம்மாவோடு தங்க, கைக்கு அடக்கமான அறை

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செப்டம்பரில் ஹாங்காங்கில் நடக்கும் ரத்தினக்கல், நகைக் கண்காட்சிக்கு வாப்பாவோடு போகிறார். இந்தத் தடவை உம்மாவும் வருகிறார்கள். ஒரு வாரம் தங்க வேண்டும், ராத்திரிக்கு ஆறாயிரம் ரூபாயைத் தாண்ட முடியாது. மலிவான கெஸ்ட் ஹவுஸ்கள் நிறைந்த சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டிடத்தில் அறை போடலாமா, இல்லை வாப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் வீட்டுக்கே வாருங்கள் என்கிறாரே, அங்கேயே இறங்கிவிடலாமா என்பது கேள்வி. அந்தக் காசுக்கு அங்கே ஏதோ ஒரு அறை கிடைக்கும் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. அந்த அறையில் உம்மாவை விட்டுவிட்டு நிம்மதியாக வியாபாரத்தைப் பார்க்கப் போக முடியுமா என்பதுதான் அவர் மனசில் கிடப்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நானும் இந்தக் கடற்கரைக்காரன்தான். ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில், நாதன் ரோடு என்கிற பெரிய சாலையை ஒட்டிய ஒரு கெஸ்ட் ஹவுஸில் பல வருடம் ரிசப்ஷனில் இருந்தேன். இப்போது ஏர்வாடியில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறேன். அறை கொடுக்கிறவர் எதை முதலில் காட்டுவார், எதைக் கடைசி வரை சொல்லமாட்டார் என்பது இந்தத் தொழிலில் இருந்தால் தெரிந்துவிடும். கவுலூன் பக்கத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லுவேன். ஹாங்காங் தீவுப் பக்கம் எனக்கு வேலைப் பழக்கம் இல்லை, அதனால் அங்கே எந்த இடத்தையும் சிபாரிசு செய்யமாட்டேன். கீழே சொல்லும் வாடகைகள் உத்தேசம்தான். வாரத்துக்கு வாரம் மாறும்.

முதலில் காசுக் கணக்கு. ஒரு ஹாங்காங் டாலர் சுமாராக 11 ரூபாய்க்கு மேல். ஆறாயிரம் என்பது ஐந்நூறு டாலரை ஒட்டி வரும். சாதாரண நாளில் கெஸ்ட் ஹவுஸ்களில் இருவர் அறை 300-லிருந்து 450 டாலர் வரை, மூவர் படுக்கும் அறை 450-லிருந்து 650 வரை போகும். இதோடு 2025 ஜனவரி 1 முதல் ஹோட்டல் வரி 3 சதவீதம் மறுபடியும் வந்துவிட்டது. பத்து அறைக்குக் குறைவான இடங்களுக்கு அந்த வரி கிடையாது. பெரிய ஹோட்டல்களில் பத்து சதவீத சர்வீஸ் சார்ஜும் சேரும். ஆகவே இணையத்தில் முதலில் கண்ணில் படும் விலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள், பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் போவது சாதாரண நாளில் இல்லை. ஏர்வாடியில் சந்தனக்கூடு சமயத்தில் அறை கேட்டு வருகிறவர்களின் நிலைமைதான் கண்காட்சி வாரத்தில் ஹாங்காங் போகிறவர்களுக்கும். அதே அறை, அதே கட்டில், வாடகை மட்டும் ஒன்றரை மடங்கு, சில இடத்தில் இரண்டு மடங்கு. செப்டம்பர் கண்காட்சி போலவே, சீனப் புத்தாண்டு, மே முதல் தேதி விடுமுறை, அக்டோபர் 1-ல் தொடங்கும் சீனத் தேசிய தின விடுமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் சீனாவின் குவாங்சோவில் நடக்கும் கான்டன் ஃபேர் என்கிற வணிகக் கண்காட்சி, இந்த நாட்களில் எல்லாம் இப்படித்தான். உங்கள் ஐந்நூறு டாலருக்கு மூன்று பேருக்குக் கண்காட்சி வாரத்தில் நல்ல அறை கிடைப்பது சிரமம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஒரு வழி உண்டு. கண்காட்சி வழக்கமாக செப்டம்பர் நடுவில் தொடங்கி மூன்றாவது வாரத்தோடு முடிந்துவிடும். அதற்கும் அக்டோபர் 1-க்கும் இடையில் சில நாட்கள் வாடகை இறங்கும். கண்காட்சியின் கடைசி ஒன்றிரண்டு நாளைப் பிடிக்கிற மாதிரி பயணத்தைப் பின்னால் தள்ளிப் போட முடிந்தால், மிச்ச நாட்களில் உம்மாவுக்கு ஊரையும் காட்டலாம், அறையும் தரமாக அமையும். வியாபாரத்துக்கு அது ஒத்துவருமா என்பதை வாப்பாதான் சொல்ல வேண்டும்.

சரி, சுங்கிங் மேன்ஷன்ஸ். குருவியாக, அதாவது சரக்குப் பெட்டி சுமக்கும் ஆளாகப் போய்வந்த பெரியவர்கள் சொன்ன கதைகளை வைத்து நம் ஊரில் அந்தக் கட்டிடத்தைப் பற்றி ஒரு பயம் இருக்கிறது. அந்தக் கதைகளில் பொய் இல்லை, ஆனால் அவை பழையவை. 1961-ல் கட்டிய 17 மாடிக் கட்டிடம் அது, ஏ முதல் இ வரை ஐந்து பிளாக். கீழே மணி சேஞ்சர், செல்போன் கடை, சாப்பாட்டுக் கடை. மேலே மாடிக்கு மாடி கெஸ்ட் ஹவுஸ். இப்போது பொது இடமெல்லாம் கேமரா இருக்கிறது, காவலாளிகள் இருக்கிறார்கள், லிஃப்டுக்குள் நடப்பதைக் கீழே வரிசையில் நிற்கிறவர்கள் திரையில் பார்க்கலாம். அங்கே உயிருக்கு ஆபத்து என்று நான் சொல்லமாட்டேன். ஹலால் சாப்பாடு காலடியில் கிடைக்கும். நாதன் ரோட்டிலேயே நடந்துபோகிற தூரத்தில் கவுலூன் பள்ளிவாசல் இருக்கிறது, பெண்கள் தொழத் தனி இடமும் உண்டு. வாப்பாவும் நீங்களும் மட்டும் போவதாக இருந்தால், தாராளமாக அங்கே தங்குங்கள் என்று இந்தப் பதிலை இதோடு முடித்திருப்பேன்.

உம்மாவுக்கு அங்கே உள்ள கஷ்டம் வேறு. வாசலில் கால் வைத்ததும் நாலு பேர் "ரூம் ரூம்" என்று பெட்டியைப் பிடிக்க வருவார்கள். நீங்கள் புக் பண்ணிய இடத்தின் பெயரைச் சொன்னால், அது மூடிவிட்டது, நிரம்பிவிட்டது, வாருங்கள் நான் காட்டுகிறேன் என்பார்கள். பதில் சொல்லாமல் நேராக நடக்க வேண்டும். ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டே லிஃப்ட், அதிலும் ஒன்று ஒற்றைப்படை மாடிக்கு, மற்றது இரட்டைப்படை மாடிக்கு. சின்ன லிஃப்ட். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குப் பெட்டியும் மூட்டையுமாக வரிசை நிற்கும். பகல் முழுக்க நடந்துவிட்டு வருகிற, முழங்கால் வலி உள்ள ஒரு பெண்பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்துவது சங்கடம். நீங்கள் கண்காட்சிக்குப் போன பிறகு, ஒரு டீ குடிக்கத் தனியாகக் கீழே இறங்கவும் அவர்கள் தயங்குவார்கள். பகல் பூராவும் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள். அந்த அறையோ, மூன்று கட்டில் போட்டால் தொழுகைப் பாயை விரிக்கத் தரை மிஞ்சாத அறை. சுங்கிங்கில்தான் தங்க வேண்டும் என்று ஆகிவிட்டால், மூன்றிலிருந்து ஐந்தாவது மாடிக்குள் பாருங்கள். லிஃப்டை நம்பாமல் படியில் ஏறி இறங்கலாம். பக்கத்திலேயே மிராடோர் மேன்ஷன் என்று இன்னொரு கட்டிடம் இருக்கிறது. அதுவும் பழசுதான், ஆனால் வாசலில் இவ்வளவு இழுபறி இராது.

எந்தக் கட்டிடமானாலும் முதலில் பார்க்க வேண்டியது லைசென்ஸ். ஹாங்காங் சட்டப்படி, 28 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடும் எந்த இடத்துக்கும் ஹோட்டல் அல்லது கெஸ்ட் ஹவுஸ் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள இடங்களின் பட்டியல், அரசின் உள்துறை விவகாரத் துறையின் கீழ் உள்ள உரிம அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியோடு இருக்கிறது. பெயரை மட்டும் ஒப்பிட்டால் போதாது. பிளாக், மாடி, கதவு எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரே முதலாளி நாலு மாடியில் அறை வைத்திருப்பார், ரிசப்ஷன் ஒரு மாடியில் இருக்கும், படம் பிடித்துப் போட்ட நல்ல அறை அங்கேதான் இருக்கும். உங்களை இன்னொரு பிளாக்குக்குக் கூட்டிப்போவார்கள். அந்தக் கதவு பட்டியலில் இல்லை என்றால் அங்கே தங்காதீர்கள். தனி வீடு, அடுப்பு வசதியோடு ஃப்ளாட் என்று தின வாடகைக்கு வரும் விளம்பரங்களில் பல இந்த வகைதான். சமைத்துக்கொள்ளலாமே என்று உம்மாவுக்கு ஆசையாக இருக்கும், தெரியும். ஆனால் உரிமம் இல்லாத இடத்தில் தீயணைப்புச் சோதனை நடந்திருக்காது.

தீ என்பதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1988-ல் சுங்கிங்கிலேயே தீப்பிடித்து ஒரு டென்மார்க் பயணி இறந்தார். அதற்குப் பிறகுதான் கெடுபிடி அதிகமானது. 2024 ஏப்ரலில் கவுலூனிலேயே ஜோர்டான் என்கிற பகுதியில் நியூ லக்கி ஹவுஸ் என்கிற, 1964-ல் கட்டிய கட்டிடத்தில் தீப்பிடித்து ஐந்து பேர் இறந்தார்கள். கெஸ்ட் ஹவுஸ்கள் நிறைந்த கட்டிடம் அது. எனவே அறைக்குள் பெட்டியை வைத்ததும் உட்காராதீர்கள். மாடிப்படி எங்கே என்று கேட்டு, உம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை கீழே வரை இறங்கிப் பாருங்கள். படியில் மெத்தையோ அட்டைப்பெட்டியோ அடுக்கி வைத்திருந்தால், வெளியே போகும் கதவைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தால், கட்டிய ஒரு நாள் வாடகை போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பாருங்கள்.

அப்புறம் ஜன்னல். விளம்பரத்தில் ஜன்னல் உண்டு என்று போட்டிருப்பார்கள். அது ரோட்டைப் பார்த்த ஜன்னலா, கட்டிடத்தின் நடுவில் விட்டிருக்கும் இருட்டு இடைவெளியைப் பார்த்த ஜன்னலா என்று எழுதிக் கேளுங்கள். பின்னதைத் திறந்தால் ஏசி தண்ணீர் சொட்டுகிற சத்தமும் கீழ்மாடி அடுக்களை வாடையும்தான் வரும். ஜன்னலே இல்லாத அறைகளும் நிறைய. செப்டம்பரில் அங்கே புழுக்கமும் ஈரமும் அதிகம், மூடிய அறையில் பூஞ்சை பிடிக்கும். அறையைக் காட்டும்போது கட்டிலின் தலைமாட்டுச் சுவரை விரலால் தடவிப் பாருங்கள், மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். அன்றைக்கு வெள்ளையடித்த வாடை வந்தால் சந்தேகப்படுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த ஒன்றே போதும், ஒரு வாரத்தைக் கெடுத்துவிடும்.

குளியலறையைப் பற்றி நம் ஆட்கள் முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. மூன்றடிக்கு மூன்றடி இருக்கும். டாய்லெட், வாஷ்பேசின், ஷவர் எல்லாம் அதற்குள்ளேயே. குளித்தால் டாய்லெட் பேப்பர் உட்பட எல்லாம் நனையும், தரை காய ஒரு மணி நேரமாவது ஆகும், வழுக்கும். கழுவத் தண்ணீர்க் குழாயோ மக்கோ இராது. ஒரு பிளாஸ்டிக் மக்கும், தரையில் பிடித்து நிற்கும் ரப்பர் செருப்பும் உம்மா பெட்டியில் வையுங்கள். எத்தனையோ குடும்பங்கள் வந்த அன்றே இந்த இரண்டுக்காகக் கடை தேடி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் சிபாரிசு. உம்மா வருகிறார்கள் என்றால் சுன் வான், குவாய் ஃபோங் பக்கம் ஒரு சாதாரண மூன்று நட்சத்திர ஹோட்டலைப் பாருங்கள். நகரின் நடுவிலிருந்து ரயிலில் அரைமணி நேரம். சாதாரண நாளில் 500-லிருந்து 800 டாலருக்குள் கிடைக்கும், உங்கள் கணக்கைத் தாண்டலாம்தான், கண்காட்சி சமயத்தில் ஏறினாலும் நாதன் ரோடு அளவுக்கு ஏறாது. லிஃப்ட் பெரிது, லாபியில் உட்கார நாற்காலி இருக்கும், கீழே இறங்கினால் கடைத்தெரு. உம்மா தனியாக அரைமணி நேரம் நடந்துவிட்டு வரலாம். உங்கள் தொழிலுக்கும் இது தோது. கண்காட்சியில் வழக்கமாகக் கற்களை விமான நிலையம் பக்கத்து ஆசியாவேர்ல்ட் எக்ஸ்போவிலும், செய்த நகைகளை வான் சாய் கன்வென்ஷன் சென்டரிலும் வைப்பார்கள். கல்லுக்காகப் போகிறவருக்கு சுன் வான் லைனில் ஏறி லாய் கிங்கில் மாறி துங் சுங் போய், அங்கிருந்து எஸ்1 பஸ் பிடித்தால் முடிந்தது. விலை கூடிய ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயில் தேவையே இல்லை. நகைப் பக்கம்தான் அதிகம் வேலை என்றால், நாதன் ரோட்டின் கடல்முனையில் உள்ள சிம் ஷா சுய் படகுத்துறையிலிருந்து வான் சாய்க்கு ஸ்டார் ஃபெர்ரி படகு போகிறது. அந்த நிலைமையில் ஜோர்டான், யாவ் மா டெய் பக்கம் உரிமம் உள்ள கெஸ்ட் ஹவுஸ் பாருங்கள்.

இன்னொரு இடமும் எனக்குப் பிடிக்கும். ஷாம் ஷுய் போவில் இருக்கும் மெய் ஹோ ஹவுஸ். 1953 கிறிஸ்துமஸ் ராத்திரி ஷெக் கிப் மெய்யில் குடிசைகள் எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். அவர்களுக்காக அரசு 1954-ல் கட்டிக்கொடுத்த குடியிருப்புகளில் மிஞ்சிய ஒன்று. 2013 முதல் யூத் ஹாஸ்டலாக இருக்கிறது, கீழே அந்தக் காலத்து வாழ்க்கையைக் காட்டும் சின்ன மியூசியமும் உண்டு. பெயர்தான் யூத் ஹாஸ்டல், எந்த வயதுக்காரரும் தங்கலாம். சுத்தம், வெளிச்சம் இரண்டும் உண்டு. சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதுதான் ஒரே குறை.

கூட்டாளி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் விருந்தாளி வந்தால் வீடு விரியும், முற்றத்தில் பாய் போட்டால் பத்துப் பேர் படுக்கலாம். ஹாங்காங்கில் நாலு பேர் குடும்பம் நானூறு சதுர அடியில் இருப்பது சாதாரணம். அவர் வரச் சொல்வது முழு மனசோடுதான், சந்தேகமே இல்லை. ஊர்க்காரரை ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டார் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்கிற எண்ணமும் அதில் இருக்கும். நீங்கள் மூன்று பேர் போய் இறங்கினால், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஹாலில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுக்கும். ஒரே குளியலறைக்கு ஏழு பேர். அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார், உங்கள் உம்மாவுக்குத்தான் மூன்றாம் நாள் மனசு கேட்காது. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் போங்கள், இங்கிருந்து கருவாடும் பனங்கற்கண்டும் கொண்டுபோங்கள், ஆனால் தங்காதீர்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்றை அவரிடம் கேளுங்கள். நீங்கள் புக் பண்ண நினைக்கும் இடத்துக்கு அவர் ஒரு நடை போய், அறை, படி, குளியலறை மூன்றையும் வீடியோ எடுத்து அனுப்பட்டும். வீட்டுக்கு வராத குறையும் தீரும், எந்த இணையதள மதிப்பெண்ணும் தராத உறுதியும் கிடைக்கும்.

சாதாரண நாளாக இருந்தால், முதல் ராத்திரிக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு மீதியை நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பேன். கண்காட்சி வாரத்தில் அது நடக்காது, மறுநாள் காலையில் நடுத்தெருவில் நிற்க வேண்டியதாகிவிடும். ரத்து செய்தால் பணம் திரும்பும் புக்கிங்காக ஏழு நாளுக்கும் இப்போதே போடுங்கள், கடைசித் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். இறங்குகிற இடத்தில் குடிவரவு அதிகாரி தங்கும் முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் கேட்கலாம், அதற்கும் இந்த புக்கிங் தாள் உதவும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு தடவைக்கு 14 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் 2017 ஜனவரி முதல், போவதற்கு முன் இணையத்தில் வருகைப் பதிவு செய்வது கட்டாயம். ஹாங்காங் குடிவரவுத் துறையின் சொந்த இணையதளத்தில் அது இலவசம், ஆறு மாதம் செல்லும். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று கேட்கும் ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தமாட்டார்கள், சின்னத் துண்டுச் சீட்டு ஒன்று தருவார்கள். ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டோடு அதையும் கேட்பார்கள், தொலைத்துவிடாதீர்கள். பக்கத்து ஷென்சென்னில் ஹோட்டல் மலிவாயிற்றே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது சீனா, தனி விசா வேண்டும், தினமும் எல்லை தாண்டுவது உம்மாவுக்குத் தண்டனை.

விமான நிலையத்திலிருந்து நாதன் ரோடு பக்கம் தங்குவதாக இருந்தால் ஏ21 பஸ், ரயில் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. பஸ், ரயிலுக்குக் காசுக்குப் பதில் காட்டும் ஆக்டோபஸ் கார்டை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிளக் மூன்று செவ்வக முள் உள்ளது, நம் சார்ஜர் நுழையாது, அடாப்டர் வேண்டும். செப்டம்பர் புயல் காலம். அங்கேயும் புயலுக்கு எண் உண்டு, ஆனால் நம் பாம்பன் கூண்டின் எண்ணும் அதுவும் ஒன்றல்ல. 8 ஏற்றினால் கடை, அலுவலகம், பஸ் எல்லாம் நின்றுவிடும், கண்காட்சியும் மூடும், அறையை விட்டு வெளியே போக முடியாது. அப்படி ஒரு நாள் வந்தால் சாப்பிட ரொட்டியும் பழமும் பெட்டியில் இருக்கட்டும். உங்கள் தேதியும், கல்லா நகையா என்பதும் முடிவானதும் எழுதுங்கள், எந்த ஸ்டேஷன் பக்கம் பார்ப்பது என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.